ரன்னிங் போர்டில் துரு: பழைய காரின் கூட்டைச் சரிசெய்யும் முறை

கதவுக்கு அடியில் பெயிண்ட் கொப்புளம் போல எழும்பியிருக்கிறது. நகத்தால் சுரண்டினால் செம்பொருக்கு உதிர்கிறது. ஸ்க்ரூடிரைவரை லேசாக வைத்து அழுத்தினால் முனை உள்ளே போய்விடுகிறது. பத்துப் பதினைந்து வயதான காரில் இப்படித் தெரிந்தவுடன் பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், சுற்றிலும் தேய்த்து, பட்டி வைத்து, பெயிண்ட் அடித்து, அடியில் தார் பூசி அனுப்பிவிடுவார்கள். ஒரு மழைக்காலம் தாங்கும். அடுத்த மழையில் அதே இடத்தில் இரண்டு மடங்கு அகலத்தில் திரும்ப வரும்.

கண்ணுக்குத் தெரியும் அந்த ஓட்டை உள்ளிருந்து வெளியே வந்தது. துரு, ரன்னிங் போர்டு என்ற மூடிய பெட்டியின் உட்புறத்தில் தொடங்கி, தகட்டைத் தின்று முடித்து, கடைசியில்தான் பெயிண்டைத் தொடுகிறது. எனவே கிரைண்டரைக் கையில் எடுக்கும் முன் இரண்டு வழிகளைத் தேடிப் பிடிக்க வேண்டும். வண்டியின் பாரம் எந்த வழியாகப் போகிறது, தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பவைதான் அவை. முதலாவது தெரியாமல் வெட்டினால் கார் கோணிக்கொள்ளும். இரண்டாவதை விட்டுவிட்டு மூடினால் புதுத் தகடும் அரித்துப்போகும்.

எது மேல்தோல், எது எலும்பு

பெரும்பாலான கார்களில் தனியாகச் சேஸிஸ் கிடையாது. தகடுகளை மடித்து, ஸ்பாட் வெல்டிங்கில் (புள்ளி புள்ளியாகப் பற்றவைப்பது) இணைத்த கூடுதான் எல்லாப் பாரத்தையும் சுமக்கிறது. போல்ட்டில் கழன்று வரும் முன்பக்க மட்கார்டு, பானட், கதவு, டிக்கி மூடி ஆகியவை மேல்தோல். அவற்றில் துரு வந்தால் அசிங்கம், அவ்வளவுதான். கவலைப்பட வேண்டிய இடங்கள் வேறு: கதவுகளுக்குக் கீழே முன்சக்கர வளைவிலிருந்து பின்சக்கர வளைவு வரை ஓடும் ரன்னிங் போர்டு, தரைத்தகடு, அதன் அடியில் நீளவாக்கில் ஓடும் லாங் மெம்பர், குறுக்கே போகும் கிராஸ் மெம்பர், கதவுத் தூண்களின் அடிப்பகுதி, முன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த பாகம்) மேலே பிடிக்கும் கிண்ணம், பின் சஸ்பென்ஷன் பிடிமானங்கள், சீட்டும் சீட் பெல்ட்டும் போல்ட் ஆகும் இடங்கள்.

ரன்னிங் போர்டு ஒரே தகடு அல்ல. வெளித்தோல், நடுவில் வலுவூட்டும் தகடு, கேபின் பக்கம் உள்தகடு என்று பொதுவாக மூன்று அடுக்கு இருக்கும். மூன்றும் கீழே ஒரு செங்குத்து விளிம்பில் சேர்ந்து வெல்டிங் ஆகியிருக்கும். ஜாக்கி வைக்கச் சொல்லும் விளிம்பு அதுதான். வெளித்தோலும் தரைத்தகடும் ஏறக்குறைய 0.7 முதல் 1 மி.மீ. தடிமன் இருக்கும், உள் வலுவூட்டும் தகடுகள் 1.2 முதல் 2 மி.மீ. வரை. இவ்வளவு மெல்லிய தகடுகள் பாரம் தாங்குவது மூடிய பெட்டியாக இருப்பதால்தான். அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு முறுக்கிப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். கீழ்விளிம்பு அரித்துப்போன ரன்னிங் போர்டு அப்படித் திறந்துபோன பெட்டிதான். மேலே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி.

பிரிட்டனின் ஆண்டு வாகனச் சோதனையில் ஒரு விதி உண்டு. ஸ்டீயரிங், பிரேக், சஸ்பென்ஷன், சீட் பெல்ட் ஆகியவற்றின் பிடிமானத்திலிருந்து 30 செ.மீ. தூரத்துக்குள் பாரம் தாங்கும் தகடு பலவீனமாக இருந்தால் வண்டி தேறாது. அங்கே பட்டியோ, ஃபைபரோ, பசையோ வைத்து ஒட்டுப்போட்டாலும் செல்லாது. இந்த 30 செ.மீ. கணக்கு எந்த நாட்டுக் காருக்கும் நல்ல அளவுகோல். அதற்குள் ஓட்டை வந்துவிட்டால் அது அழகுப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை.

தண்ணீர் வரும் வழி

ரன்னிங் போர்டுக்குள் தண்ணீர் வருவது தவறில்லை. வந்தது வெளியேறாததுதான் தவறு. அதன் அடியில் வடிதுளைகள் இருக்கும். சேறு அடைத்தாலும் அடையும், அக்கறையாக அடித்த தார்ப்பூச்சு அடைத்தாலும் அடையும். துருவைத் தடுக்க அடித்த பூச்சே துருவை வளர்ப்பது இந்தத் தொழிலில் அடிக்கடி பார்க்கிற வேடிக்கை.

முதலில் முன்சக்கர வளைவில் உள்ள பிளாஸ்டிக் லைனரைக் கழற்றுங்கள். மட்கார்டுக்கும் கதவுத் தூணுக்கும் நடுவே உள்ள சந்தில் பல வருட மண்ணும் இலையும் ஈரமாக அடைந்து கிடக்கும். ரன்னிங் போர்டின் முன்முனையும் தூணின் அடியும் முதலில் போவது அங்கேதான். அடுத்து வைப்பருக்குக் கீழே உள்ள தட்டு. அதன் வடிகுழாயை இலை அடைத்தால் தண்ணீர் கேபினுக்குள் இறங்கும். சன்ரூஃப் இருந்தால் அதன் நான்கு மூலையிலிருந்தும் தூண்கள் வழியே குழாய்கள் இறங்குகின்றன. ஒன்று கழன்றாலும் தண்ணீர் நேராகப் பெட்டிக்குள் போய்விடும். கதவின் உட்பட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை ஸ்பீக்கர் மாற்றும்போது கிழித்துவிட்டு அப்படியே மூடியிருப்பார்கள். ஏ.சி. வடிகுழாய் அடைத்துக்கொண்டால் முன்பக்கக் கார்ப்பெட்டின் அடிப்பஞ்சு மாதக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், எனவே கார்ப்பெட்டைத் தூக்கி அடியைத் தொட்டுப் பாருங்கள்.

எந்தக் குழாய் என்று சந்தேகம் இருந்தால் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றி, கீழே எங்கே வருகிறது, எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். ஊற்றியது முழுக்கத் தரையில் விழாவிட்டால் மீதி உள்ளேதான் இருக்கிறது.

தட்டிப் பார்ப்பது, குத்திப் பார்ப்பது, அளப்பது

தேவைப்படுபவை சில்லறைச் சாமான்கள்தான்: 200 கிராம் அளவில் சின்னச் சுத்தியல், முனை மழுங்கிய ஸ்க்ரூடிரைவர், மெல்லிய துணி சுற்றிய சின்னக் காந்தம், நல்ல டார்ச், அளவு நாடா. மொபைலில் செருகும் 5.5 மி.மீ. குழாய்க் கேமரா இருந்தால் இன்னும் நல்லது. ரப்பர் மூடிகளைக் கழற்றி, அதைப் பெட்டிக்குள் விட்டுப் பார்க்கலாம்.

நல்ல தகட்டைத் தட்டினால் 'ணங்' என்று கேட்கும். அரித்த தகடும் பட்டி வைத்த தகடும் 'தொப்' என்று அடங்கும். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி தடிமனாக இருக்கிறது. ஸ்க்ரூடிரைவரால் கட்டைவிரல் பலம் கொடுத்துக் குத்துங்கள். தகடு குழிந்தாலோ நொறுங்கினாலோ அந்தப் பகுதி முடிந்தது. இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் விளிம்புகளில் உற்றுப் பாருங்கள். துரு, தின்ற இரும்பைவிடப் பல மடங்கு பருமன் எடுத்துக்கொள்ளும். அதனால் விளிம்பு பிளந்து, ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளுக்கு நடுவே தகடு அலையலையாக வீங்கியிருக்கும். அந்த அலை தெரிந்தால் உள்ளே புள்ளிகள் விட்டுப்போயிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம்.

கூடு தளர்ந்ததற்கு ஓட்டும்போதும் அடையாளம் உண்டு. கதவு திடீரென்று தூக்கிச் சாத்த வேண்டியதாகிறது. மேடுபள்ளத்தில் டாஷ்போர்டு கிரீச்சிடுகிறது. முன்கண்ணாடி ஒரு மூலையிலிருந்து தானாக விரிசல் விடுகிறது. ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் ஒரு பக்கமும் பிரேக் பிடித்தால் மறுபக்கமும் வண்டி நகர்கிறது என்றால் சஸ்பென்ஷன் பிடிமானம் ஒன்று ஆடுகிறது. பிடிமானத்தில் உள்ள புஷ் என்ற ரப்பர் உறை தேய்ந்தாலும் இதே குணம் காட்டும். ஆகவே புஷ்ஷை மாற்றுவதற்கு முன் அது பிடித்திருக்கும் தகட்டைப் பாருங்கள்.

ஒரு எளிய சோதனை. முன்பக்கக் கதவை மூடி, தூணுக்கும் கதவுக்கும் உள்ள இடைவெளியை மேலும் கீழும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முன் சப்ஃபிரேமில் (சஸ்பென்ஷனைத் தாங்கும் அடிச்சட்டம்) உறுதியான இடத்தில் ஜாக்கி வைத்து ஒரு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து எழுப்பி, திரும்ப அளந்து, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். நல்ல கூட்டில் வித்தியாசம் அநேகமாகத் தெரியாது. பூட்டு கொக்கியில் இடித்தால் அந்தப் பக்கப் பெட்டி வேலை செய்யவில்லை. சந்தேகமான ரன்னிங் போர்டின் விளிம்பில் மட்டும் ஜாக்கி வைக்காதீர்கள். ஜாக்கி தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே போகும், வண்டி கீழே வரும்.

அடிப்பக்கம் குறுக்களவும் எடுக்க வேண்டும். இடது முன் பிடிமானத்திலிருந்து வலது பின் பிடிமானம், வலது முன்னிலிருந்து இடது பின், இரண்டையும் ஒப்பிடுங்கள். 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் இது துரு வேலை மட்டுமல்ல. வண்டி எப்போதோ அடிபட்டிருக்கிறது. அளவு பார்க்கும் ஜிக் உள்ள பட்டறையில்தான் அடுத்த கட்டம்.

செய்யலாமா, விட்டுவிடலாமா

இந்த முடிவை வெட்டுவதற்கு முன் எடுப்பதுதான் சிக்கனம். ஒரு பக்க ரன்னிங் போர்டும் அதையொட்டிய தரைத்தகடும் போயிருந்தால் செய்யலாம். இரண்டு பக்கமும் போயிருந்தாலும் தூண்களும் லாங் மெம்பரும் நன்றாக இருந்தால் செய்யலாம், வேலை இரட்டிப்பு. ரன்னிங் போர்டு, தூணின் அடி, ஸ்ட்ரட் கிண்ணம் மூன்றும் ஒரே மூலையில் போயிருந்தால் புதுத் தகட்டை எதனோடு இணைப்பது என்ற கேள்வி வரும். வெல்டிங்குக்கு இரு பக்கமும் நல்ல இரும்பு வேண்டும், துருவோடு எதுவும் ஒட்டாது. லாங் மெம்பர் நெளிந்திருந்தாலும் கைவிடுவதே நல்லது.

தகட்டின் இனமும் முடிவைத் தீர்மானிக்கும். 2000-களுக்குப் பிறகு வந்த பல கார்களில் கதவுத் தூணிலும் ரன்னிங் போர்டின் நடுத்தகட்டிலும் போரான் எஃகு இருக்கிறது. சாதாரணத் தகட்டின் இழுவலிமை சுமார் 300 மெகாபாஸ்கல் என்றால் இதற்குச் சுமார் 1,500. ஏறக்குறைய 900 டிகிரிக்குச் சூடாக்கி, அச்சிலேயே அழுத்திக் குளிரவைத்ததால் வந்த வலு அது. மறுபடி சூடாக்கினால் அந்த வலு போய்விடும். ஆகவே இதை இடையில் வெட்டி ஒட்ட முடியாது. தயாரிப்பாளரின் பாடி ரிப்பேர் கையேடு காட்டும் இணைப்பில் மட்டும் முழுத் துண்டாக மாற்ற வேண்டும். சாதாரண டிரில் பிட் ஏறாமல் வழுக்கி மழுங்கினால் நீங்கள் போரான் எஃகின் மேல் நிற்கிறீர்கள், அங்கே நிறுத்துங்கள். அலுமினியக் கூடு என்றால் இந்தக் கட்டுரை பொருந்தாது. ஹைப்ரிட் காரில் தரைக்கு அடியில் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிள்களை, பயிற்சி பெற்றவர் மின்தொடர்பைத் துண்டிக்காமல் நெருங்கக்கூடாது.

வெட்டுவதற்கு முன்

பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, ஏர்பேக்கில் தேங்கிய மின்சாரம் அடங்க 10 நிமிடமாவது விடுங்கள். அந்தப் பக்க சீட், கார்ப்பெட், சீட் பெல்ட் சுருள், தூண் பிளாஸ்டிக், ஓரமாக ஓடும் ஒயரிங் எல்லாம் வெளியே வரட்டும். பெல்ட் இழுப்பானில் வெடிமருந்து இருக்கிறது, அது வெல்டிங் சூட்டுக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது. தரைத்தகட்டில் ஒட்டியிருக்கும் தார்த்தாளை வெல்டிங் இடத்திலிருந்து 15 செ.மீ.க்காவது சுரண்டி எடுங்கள். அடியில் பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்த்துக் கழற்றி ஒதுக்குங்கள். பின்பாதியில் வேலை என்றால் பெட்ரோல் டேங்கையே இறக்கிவிட வேண்டும். காலி டேங்க்தானே என்ற பேச்சுக்கே இடமில்லை. நிறைந்த டேங்கைவிட ஆவி நிறைந்த காலி டேங்க்தான் வெடிக்கும்.

சில கார்களில் தூண்களுக்குள்ளும் ரன்னிங் போர்டுக்குள்ளும் சத்தத்தை அடக்க நுரை ஊற்றியிருப்பார்கள். அது பற்றிக்கொண்டால் பெட்டிக்குள் புகைந்துகொண்டே இருக்கும், புகையும் நஞ்சு. கேமராவில் நுரை தெரிந்தால் முதலில் அதைத் தோண்டி எடுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கடைசிப் பொறி விழுந்த பிறகு ஒரு மணி நேரம் வண்டியை விட்டு நகராதீர்கள். கண்ணாடிகளைக் கனமான துணியால் மூடுங்கள், கிரைண்டர் பொறி கண்ணாடியில் பதிந்தால் அப்புறம் போகாது.

எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கக் குளோரின் கலந்த பிரேக் கிளீனரைப் பயன்படுத்தவே கூடாது. மிச்சம் இருந்து வெல்டிங் ஆர்க் பட்டால் பாஸ்ஜீன் என்ற கொல்லும் வாயு உண்டாகும். அசிட்டோன் போதும், அதுவும் முழுக்க ஆவியான பிறகே ஆர்க்.

இனி வண்டியை நிறுத்தும் விதம். பெட்டியை வெட்டியவுடன் கூடு அந்தப் பக்கம் தொய்யப் பார்க்கும். தொய்ந்த நிலையில் புதுத் தகட்டை வெல்டிங் செய்தால் அந்தக் கோணல் நிரந்தரமாகிவிடும். ஸ்டாண்டுகளை ரன்னிங் போர்டில் வைக்காமல் சஸ்பென்ஷன் பிடிமானங்களுக்கு அருகே நான்கு இடத்திலும் வைத்து, மட்டம் பார்த்து நிறுத்துங்கள். கதவைக் கழற்றிவிட்டு, கீல் போல்ட் துளையிலிருந்து பூட்டுக் கொக்கித் துளை வரை 25×25 மி.மீ., 2 மி.மீ. கனமுள்ள சதுரக் குழாயைக் குறுக்கே போல்ட் போட்டு முட்டுக் கொடுங்கள். கதவு வாசலின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து தூணிலேயே மார்க்கரில் எழுதி வையுங்கள். இந்த எண்கள் வேலை முடியும் வரை மாறக்கூடாது. இரண்டு பக்கமும் கெட்டிருந்தால் ஒரு பக்கம் முழுக்க முடிந்த பிறகுதான் அடுத்த பக்கத்தைத் தொட வேண்டும்.

வெட்டுதல்

1 மி.மீ. கட்டிங் டிஸ்க்கில் வெளித்தோலை மட்டும் வெட்டுங்கள். அவசரப்பட்டு ஆழம் போனால் நல்ல நடுத்தகட்டில் கோடு விழும்; பின்னால் அந்தக் கோட்டில்தான் விரிசல் தொடங்கும். கடைசித் துருப்புள்ளியிலிருந்து 25 முதல் 30 மி.மீ. தள்ளிக் கோடு போடுங்கள். மூலைகளைச் செங்கோணமாக வெட்டாமல் வளைவாக விடுங்கள். கீழ்விளிம்பில் ஸ்பாட் புள்ளிகளை 8 மி.மீ. ஸ்பாட் வெல்டிங் டிரில்லால் மேல்தகடு வரை மட்டும் அறுத்து, மெல்லிய உளியால் பிரித்தெடுங்கள்.

தோலை எடுத்தபின் தெரிவதுதான் வண்டியின் உண்மை நிலை. மதிப்பிட்ட வேலை இரண்டு மடங்காவது இங்கேதான். நடுத்தகட்டைக் கப் பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்து, மேற்பரப்புத் துரு மட்டும் என்றால் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றி போட்டுக் கழுவி உலர்த்தலாம். குழிகுழியாகத் தகட்டின் கனம் குறைந்திருந்தால் அந்தப் பகுதியையும் வெட்ட வேண்டும். துருமாற்றி துருவின் நிறத்தை மாற்றும், போன இரும்பைக் கொண்டுவராது. இரண்டு தகடுகள் ஒட்டும் இடுக்கில் அதை ஊற்றாதீர்கள், கழுவ முடியாமல் அமிலம் உள்ளேயே தங்கிவிடும்.

உள்ளிருந்து வெளியே என்பதுதான் திரும்பக் கட்டும் வரிசை. முதலில் உள்தகடும் தரைத்தகட்டின் ஓரமும், பிறகு நடுத்தகடு, கடைசியில் வெளித்தோல்.

தகடும் வெல்டிங்கும்

அந்த மாடலுக்குத் தயாராக வரும் ரன்னிங் போர்டுத் தகடு கிடைத்தால் அதை வாங்குங்கள். வளைவுகளைக் கையால் அடித்துக் கொண்டுவருவது கடினம். வெளித்தோலை மட்டும் விற்கும் மலிவுத் தகடு பழைய தோலின் மேல் போர்த்துவதற்கென்றே வருகிறது, அப்படிப் போர்த்தக்கூடாது. துருவுக்கு மேல் போர்வை போட்டால் உள்ளே அது நிம்மதியாக வளரும். துண்டு போடுவதானால் அட்டையில் அச்செடுத்து, சி.ஆர். ஷீட்டில் (குளிர்நிலையில் உருட்டிய எஃகுத் தகடு) வெட்டுங்கள். 20 கேஜ் சுமார் 0.9 மி.மீ., 18 கேஜ் சுமார் 1.2 மி.மீ. பழைய தகட்டின் கனம் எவ்வளவோ அவ்வளவே புதுத் தகடும் இருக்க வேண்டும். கனமாகப் போட்டால் வலு அதிகம் என்று தோன்றும். ஆனால் மெல்லிய தகடும் கனத்த தகடும் சேரும் கோட்டில் அழுத்தம் குவியும், வெல்டிங்கின்போதே மெல்லிய பக்கம் உருகி ஓட்டையாகும், ஓட்டத்தில் அதே கோட்டில் கிழியும்.

பட்டறையில் சி.ஓ.டூ வெல்டிங் என்று சொல்லும் மிக் வெல்டிங்தான் இதற்கு ஏற்றது. கேஸ் வெல்டிங் சூட்டைப் பரப்பித் தகட்டை நெளிக்கும், சுற்றிலும் வலுவைக் குறைக்கும். குச்சி வெல்டிங் இந்தக் கனத்தில் ஓட்டைதான் போடும். 1 மி.மீ. வரை 0.6 மி.மீ. கம்பி, அதற்கு மேல் 0.8. ஆர்கானோடு கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயு, நிமிடத்துக்கு 8 முதல் 12 லிட்டர். வெறும் கார்பன் டை ஆக்சைடிலும் ஆகும், சிதறல் கூடும். காற்றாடியை வெல்டிங் பக்கம் திருப்பினால் வாயு பறந்து, பற்று (உருகிப் படிந்த வெல்டிங்) முழுக்க ஊசித்துளைகளாக வரும். எர்த் கிளாம்ப்பை வெல்டிங் இடத்துக்கு ஒரு சாண் தூரத்தில் சுத்தமான இரும்பில் போடுங்கள். எஞ்சினில் போட்டால் மின்சாரம் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுக்கும்.

நாகம் (ஜிங்க்) பூசிய தகடு என்றால் கோட்டின் இருபுறமும் 10 மி.மீ. வரை பூச்சைத் தேய்த்து எடுங்கள். நாகப் புகை காய்ச்சல் கொண்டுவரும், பற்றையும் பஞ்சாக்கும். சரியான முகமூடியும் காற்றோட்டமும் வேண்டும்.

வண்டியைத் தொடும் முன் அதே கனத்தில் இரண்டு துண்டுகளை எடுத்து ஒத்திகை பாருங்கள். மேல்துண்டில் 8 மி.மீ. துளை போட்டு, இரண்டையும் இறுக்கிப் பிடித்து, துளையின் நடுவில் கீழ்த்தகட்டில் ஆர்க்கைத் தொடங்கிச் சுழற்றி நிரப்புங்கள். ஆறிய பின் வைஸில் பிடித்துத் துண்டுகளைப் பிய்த்தெடுங்கள். கீழ்த்தகட்டிலிருந்து ஒரு வட்டம் பிய்ந்து வந்தால் செட்டிங் சரி. பற்று மட்டும் பொத்தான் போலக் கழன்று வந்தால் சூடு போதவில்லை. மேலிருந்து பார்க்க இரண்டும் ஒரே மாதிரி அழகாக இருக்கும், அதனால்தான் பிய்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

புதுத் தகட்டைக் கிளாம்ப்பில் பிடித்து, முட்டுக் குழாயை எடுத்துவிட்டுக் கதவை ஒருமுறை மாட்டி மூடிப் பாருங்கள். இடைவெளி சரியாக இருந்தால் மட்டும் முட்டைத் திரும்பப் போட்டு வெல்டிங்குக்கு வாருங்கள். இந்தக் கால் மணி நேரத்தை மிச்சம் பிடிக்கப் போய் மொத்த வேலையையும் வெட்டியெடுத்தவர்கள் உண்டு. கீழ்விளிம்பில் பழைய ஸ்பாட் புள்ளிகள் எத்தனை இருந்தனவோ அதற்குக் குறையாமல் பிளக் வெல்டிங் (ஒத்திகையில் செய்தது போலத் துளையை நிரப்பும் வெல்டிங்) வேண்டும். விளிம்பைக் கிளாம்ப்பில் நன்றாக நெருக்குங்கள். நடுவே காகித அளவு சந்து இருந்தாலும் நாளை தண்ணீர் அங்கேதான் நிற்கும்.

வெளித்தோலின் வெட்டுக்கோட்டில் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல் 1 மி.மீ. இடைவெளியில் முனைக்கு முனை சேர்த்து வெல்டிங் செய்யுங்கள். மூடிய பெட்டியில் பின்னால் கை போகாதென்றால் 20 மி.மீ. அகலப் பட்டையைக் கோட்டின் பின்னே முதலில் பொருத்திக்கொள்ளலாம். நடுவில் ஒரு பொட்டு, இரு முனையில் ஒவ்வொன்று, பிறகு இடையிடையே என்று 25 மி.மீ.க்கு ஒரு பொட்டாகப் போய், ஒவ்வொரு இடமும் கை வைக்கும் அளவு ஆறிய பிறகு இடைவெளிகளை நிரப்புங்கள். ஒரே இழுப்பாக இழுத்தால் தகடு அப்பளம் போல நெளியும். தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள். எல்லாம் இணைந்த பின் மூலைவிட்டங்களை அளந்து தூணில் எழுதியதோடு ஒப்பிடுங்கள், அதன் பிறகே முட்டை எடுக்கலாம்.

வெளியே தெரியும் பற்றை 80-ஆம் எண் ஃபிளாப் டிஸ்க்கில் மட்டமாக்கலாம். அடிப்பக்கமும் உட்பக்கமும் அப்படியே இருக்கட்டும். அழகுக்காகத் தேய்த்தால் பற்றோடு தகடும் கரையும்.

மூடிய பின் செய்வது

வெறும் இரும்பு ஒரு இரவு வெளியில் இருந்தாலே பழுப்பேறும். எனவே அன்றே எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட் அடியுங்கள். பிறகு இணைப்புகளில் பாலியூரித்தேன் சீலன்ட். பிரைமருக்கு மேல்தான் சீலன்ட் போக வேண்டும், இரும்பின் மேல் நேரடியாக அல்ல. காடி வாசம் அடிக்கும் சிலிக்கானைக் கிட்டே சேர்க்காதீர்கள். அது உலரும்போது விடும் அசிட்டிக் அமிலம் இரும்பை அரிக்கும். அதற்கு மேல் கல்லடி தாங்கும் பூச்சு, பிறகு பெயிண்ட். மிகமெல்லிய பட்டி வெளித்தோலின் மேடுபள்ளத்துக்கு மட்டும் போகலாம். பாரம் தாங்கும் இணைப்பு எதிலும் கூடாது.

பெயிண்ட் முழுக்க உலர்ந்தபின் பெட்டிக்குள் கேவிட்டி வாக்ஸ். வெல்டிங் சூட்டில் உட்பக்கப் பிரைமர் கருகியிருக்கும், அதை மறுபடி காப்பாற்ற இந்த மெழுகு ஒன்றுதான் வழி. நீளக் குழாயின் முனையில் சுற்றிலும் சீறும் நாசில் வேண்டும். ரப்பர் மூடித் துளைகள் வழியே கடைசி வரை விட்டு, அடித்துக்கொண்டே மெதுவாக வெளியே இழுங்கள். ஒரு பக்க ரன்னிங் போர்டுக்கு அரை லிட்டர் அளவில் பிடிக்கும். வடிதுளைகளிலிருந்து மெழுகு சொட்டினால்தான் எல்லா இடமும் போயிருக்கிறது என்று அர்த்தம். சொட்டி முடிந்ததும் ஒரு கம்பியால் துளைகளைத் திறந்துவிடுங்கள். இதை மறந்தால் முதல் பத்தியிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டியதுதான். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கேமராவில் பார்த்து மேலும் அடிக்கலாம். அடுத்து அங்கே வெல்டிங் செய்ய வருபவரிடம் உள்ளே மெழுகு இருப்பதைச் சொல்லிவிடுங்கள், அது பற்றி எரியும்.

பெட்டிக்குள் ஸ்ப்ரே நுரை நிரப்பும் யோசனையும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நுரை ஈரத்தைச் சுவரோடு பிடித்து வைக்கும், வடிதுளையை அடைக்கும். ரிவெட் அடித்த தகடும் ஃபைபர் துணியும் மேல்தோலில் வேண்டுமானால் போகட்டும்.

கடைசியாக நான்கு சக்கர அலைன்மென்ட். 1,000 கி.மீ. ஓடிய பின் அடியில் படுத்துச் சீலன்ட் கோடுகளைப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு இருந்தால் அந்த இணைப்பு அசைகிறது. சீலன்ட்டை நிரப்பாமல் வெல்டிங்கைச் சோதியுங்கள்.

துருவே இல்லாத விரிசல்

தகடு சுத்தமாக இருந்தும் பிடிமானத்தைச் சுற்றிக் கிழிவது இன்னொரு வகை. பி.எம்.டபிள்யூவின் இ46 என்ற 3 சீரிஸ் தலைமுறையில் பின் சப்ஃபிரேம் பிடிக்கும் தரைத்தகடு விரிசல் விடுவது பலர் அறிந்த உதாரணம். மெல்லிய தகட்டின் சிறு பரப்பில் முன்னும் பின்னும் இழுபடும் பாரம் ஆயிரக்கணக்கான முறை விழுந்து, ஸ்பாட் புள்ளிகளைச் சுற்றித் தகடு களைத்துக் கிழிகிறது. தேய்ந்த புஷ் அந்த இழுப்பை அடியாக மாற்றிவிடும்.

பூச்சைச் சுத்தமாக எடுத்து, விரிசல் காட்டும் சாயத்தைத் தெளித்தால் கண்ணுக்குத் தெரிவதைவிட விரிசல் நீளம் என்பது புரியும். உண்மையான முனைக்குச் சற்று அப்பால் 3 மி.மீ. துளை போட்டு அதன் ஓட்டத்தை நிறுத்துங்கள். விரிசல் நெடுக V போலத் தேய்த்து வெல்டிங் செய்து நிரப்பியபின், மேலே வலுவூட்டும் தகடு போடுங்கள். மூலைகள் உருண்டையாக இருக்க வேண்டும், ஓரம் மடிப்புக்கோட்டோடு ஒத்துப்போகக்கூடாது, பாரம் பக்கத்துப் பெட்டித் தகட்டுக்கும் பரவும்படி அகலம் இருக்க வேண்டும். விரிசலை மட்டும் பற்றவைத்து விட்டால் பற்றுக்கு ஓரமாகப் புது விரிசல் ஓடும். புஷ்களும் அதே நாளில் மாறட்டும்.

தனிச் சேஸிஸ் உள்ள ஜீப், பிக்கப் வகையில் லாங் மெம்பர் 2 முதல் 4 மி.மீ. கனம் இருக்கும் என்றாலும் பெட்டி வடிவம் என்றால் அதுவும் உள்ளிருந்தே போகும். டொயோட்டா 2008-இல், 1995 முதல் 2000 வரையிலான டகோமா பிக்கப்களின் சேஸிஸ் துருவுக்காக அமெரிக்காவில் உத்தரவாதத்தை 15 ஆண்டாக நீட்டி, மோசமானவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டது. இவ்வகைச் சேஸிஸில் ஒட்டுத் தகடு போட்டால் முனைகளை மீன்வால் போலச் சாய்வாக வெட்டுங்கள். நேர்குறுக்காக வெல்டிங் கோடு ஓடினால் அங்கேயே முறியும். மேல், கீழ் விளிம்புகளில் புதுத் துளை போடாதீர்கள்.

வேலையை வெளியே கொடுப்பதானால்

பெரும்பாலோர் கொடுக்கத்தான் வேண்டும். கொடுக்கும்போது, 'தோலை எடுத்தபின் எனக்குக் காட்டிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்' என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். வண்டியை எங்கே தாங்கப் போகிறார், கதவு வாசலுக்கு முட்டுக் கொடுப்பாரா, தகட்டின் கனம் என்ன, உள்ளே மெழுகு யார் அடிப்பது என்ற நான்கு கேள்விக்கு உடனே பதில் வந்தால் ஆள் தெரிந்தவர். பட்டி டப்பாவைக் காட்டிப் பேசத் தொடங்கினால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடுக்கும் மூடும் முன் அளவு நாடா தெரியும்படி படம் எடுக்கச் சொல்லுங்கள். பின்னாளில் வண்டியை விற்கும்போது வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி, அடியில் பூசியிருக்கும் புதுக் கருப்புக்குள் என்ன இருக்கிறது என்பதாக இருக்கும். அந்தப் படங்களை அவரிடம் கொடுத்துவிடலாம்.